பொடிசு

மார்ச் வந்தால் என் மிஷினுக்குக் காய்ச்சல்.
மூடியில் கை வைக்க முடியாது.
கொருக்குப்பேட்டை கேட் விழுந்து
கூட்ஸ் வண்டி எண்ணெய் டாங்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போகும் நேரம்
சைக்கிளை என் கடைமேல் சாய்த்துவிட்டுக் கேட்பார்கள்:
"அக்கா, செய்யுள் ஃபுல்லா. பொடிசா."

பொடிசு என்றால் ஐம்பது சதவீதம்.
அதை எடுத்து மறுபடியும் ஐம்பது.
அப்புறம் கத்தரிக்கோல்.
ஒரு காப்பியம்,
அதன் அரசன், அவன் யானைகள், ஊர்ச்சிறப்பு, நாட்டுச்சிறப்பு எல்லாம்
தீப்பெட்டிக்குள் படுத்துக்கொள்ளும்.
தாளுக்கு இரண்டு ரூபாய்.
வெட்டித் தர ஒரு ரூபாய் கூடுதல்.

யார் எழுதினார் என்று யாரும் கேட்டதில்லை.
பக்க எண்தான் சொல்வார்கள்.
"நூத்திப் பதினாலு. கட்டம் போட்டது மட்டும்."
ஒருத்தி,
யோகலட்சுமி என்று அட்டையில் எழுதியிருந்தது,
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"இது நம்ம தமிழாக்கா, வேற தமிழா?"
சில்லறை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள்.
ஆனால் கண்ணாடிக்குக் கீழே
பச்சை வெளிச்சம் போய்த் திரும்புகிற வரை
கண்ணை எங்கே வைப்பது?
மூன்று நாளில் எண்பத்தேழு பிரதி.
ரேஷன் கார்டு நம்பர் போல
தானாக ஏறி உட்கார்ந்துகொண்டது, அர்த்தமில்லாமல்.

நேற்று டோனர் கக்கியது.
பக்கத்தின் நடுவில் கரித்துணி இழுத்த மாதிரி ஒரு பட்டை.
டில்லிகுமார் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.
"அக்கா, நாலாவது லைன் காணோம்."
என் வாய் சொல்லியது.
நான் சொல்லவில்லை, வாய்தான்.
ஒரு சீர் குறையாமல்.
"நீ டீச்சரா இருந்தியா?"
"ஜெராக்ஸ்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் உறுத்தியது.
"அதுல கொண்டல்னு வருதே, இன்னாடா அது?"
உரைப் பகுதியில் விரல் வைத்துப் படித்தான்:
கொண்டல், மேகம்.
பிறகு சிரித்தான்.
"மேகமாம். அது காத்துக்கா.
கெயக்கேர்ந்து வரும்.
கொண்டல் கெளம்புச்சுன்னா எங்கப்பா வலையைத் தொடாது,
காசிமேட்ல போட்டைக் கட்டிட்டு சீட்டாடும்.
அம்மா கத்தும்."
"அப்போ காத்துன்னே எழுது."
"மார்க்கு?"
மேகத்தைச் சுற்றிக் கவனமாக வெட்டி
காலர் மடிப்பில் செருகிக்கொண்டு போனான்.
கேட் தூக்கியிருந்தது.

இரண்டு அர்த்தமும் இருக்கலாம்.
எனக்குத் தெரியாது.
ஆனால் அடுத்த பிரதி எடுக்கும்போது
எண்பத்தேழு தடவை வெறும் சத்தமாய் இருந்த வரியில்
முகத்தில் விழும் முடியை ஒதுக்கிக்கொண்டு
ஒருத்தி நின்றிருந்தாள்.
கிழக்கே பார்த்து.
யாரையோ கத்தப்போகிறவள் மாதிரி.
கன்டெய்னர் லாரி ஒன்று கடையை உலுக்கிப் போனது.
பத்துப் பிரதி கேட்டிருந்தார்கள்.
பதினொன்று எடுத்துவிட்டேன்.

கடைசிப் பரீட்சை முடிந்த மத்தியானம்
பள்ளிச் சுவருக்கு மேலிருந்து
காப்பியங்கள் பறந்தன.
இங்க் பாட்டில் சண்டை, கூச்சல்,
ஒருவன் சட்டை முழுக்க நீலம்.
கால்வாயில் கொஞ்சம் விழுந்தது, லாரித் தார்ப்பாயில் கொஞ்சம்,
மோர்க்காரர் பானை மூடியில் ஒன்று.
என் தலையில் ஒட்டியதை எடுத்துப் பார்த்தேன்.
நான் வெட்டியதுதான், ஓரம் கோணலாக.
நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு
எறும்பு வரிசை மட்டும்.
கண்ணாடி கல்லாவில் இருந்தது.
எடுக்கத் திரும்புவதற்குள்
விரலிலிருந்து பிடுங்கி
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனது.

எந்தக் காற்று என்று கேட்க
அவன் அங்கே இல்லை.